லிஃப்ட் நின்ற கட்டடத்தில் ஒரு குடியரசு

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் மாமியாரும், அவளுடைய முழங்கால் நீங்கலாக, சுகம். அங்கு நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்துக்கும் அதற்கு முந்தின கடிதத்துக்கும் பதில் வராததால் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. உங்கள் பல்வலி தேவலையா? ஆபீசில் அந்தப் புது மேலதிகாரி இன்னும் கத்துகிறாரா? கத்தினால் கத்தட்டும், நீங்கள் பதிலுக்குக் கத்த வேண்டாம். நலம் விசாரித்தாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். தனியாக வருகிறேன். பத்து வாரம் இருப்பேன். விருந்தாளியாக அல்ல, நாடு கடத்தப்பட்டவனாக. பதறாதீர்கள். உங்கள் மாமியாருக்கும் எனக்கும் சண்டை இல்லை, போலீஸ் கேஸும் இல்லை. எங்கள் கட்டடத்துக் குடியரசு முறைப்படி கூடி, முறைப்படி வாக்களித்து, முறைப்படி என்னை வெளியேற்றியிருக்கிறது. அந்த முறையை வகுத்தவனே நான். மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அதை நானே அடைத்து வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் மூலகாரணம் நீங்கள்தான் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் எனக்கு ஒரு புத்தகம் பரிசளித்தீர்கள், ஞாபகம் இருக்கும். கிரேக்கத்திலும் ரோமிலும் அந்தக் காலத்தில் ராஜா இல்லாமல் ஜனங்கள் எப்படித் தங்களைத் தாங்களே ஆண்டார்கள், அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் என்னென்ன கற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொல்லும் புத்தகம். கடையில் இருந்ததிலேயே அதுதான் கனமாக இருந்தது, அதனால் வாங்கினீர்கள் என்று என் மகள் பிற்பாடு சொன்னாள். கனம் உண்மைதான், நிறுத்துப் பார்த்தேன். ஆனால் பரிசு கொடுப்பவர்கள் யோசித்துக் கொடுக்க வேண்டும் மாப்பிள்ளை. ஒரு சட்டை கொடுத்திருந்தால் போட்டுக்கொண்டு சும்மா கிடந்திருப்பேன்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்று போன சங்கதி உங்களுக்குத் தெரியும். மழைக்கு முன்னால் நின்றது, மழை போய், குளிர் போய், இப்போது வெயிலும் வந்துவிட்டது. நாங்கள் இருப்பது நாலாவது மாடி. உங்கள் மாமியார் படி ஏறுவதானால்கூட நின்று நின்று ஏறிவிடுவாள், இறங்குவதுதான் அவளால் முடியாது. முழங்கால் மடங்கும்போது உயிர் போகிறது என்கிறாள். தூக்கிக்கொண்டு போகிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னதற்கு, "நான் என்ன மூட்டையா? போனா என் காலால போவேன், இல்லாட்டி இங்கயே இருப்பேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா, அதில் பாதி உங்கள் வீட்டிலும் இருக்கிறதே! கேட்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. சாயங்காலம் அதில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் ஒரு தடவை விசாரித்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். இப்போது பால்கனியில் நின்று அந்தப் பெஞ்சைப் பார்க்கிறாள். "யாரோ என் இடத்துல உக்காந்திருக்காங்க பாருங்க" என்கிறாள். வேறு ஒன்றும் சொல்லுவதில்லை. எனக்கு அது தாங்கவில்லை மாப்பிள்ளை. அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எங்கள் சங்கத்துச் செயலாளர் கீழ்வீட்டுக்காரர். கட்டடம் கட்டிய நாளிலிருந்து அவர்தான் செயலாளர். அவருடைய பெயரே பலருக்கு மறந்துவிட்டது, 'நிரந்தரம்' என்றால்தான் தெரியும். (எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. 'தராசு'. மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) லிஃப்ட் என்று வாயைத் திறந்தாலே நிரந்தரம், "பாக்கலாம் சார்" என்பார். கீழ்வீட்டில் இருப்பவருக்கு லிஃப்ட் எதற்கு? அவர் வீட்டு வாசலில் இறங்கினால் தெரு, திரும்பினால் பூந்தொட்டி. அவரைக் குறை சொல்வதாகவும் நினைக்க வேண்டாம், இரண்டு தடவை மெக்கானிக்கை வரவழைத்தார். முதல் தடவை அந்த ஆள் வந்ததும் நான் கூடவே நின்று அவருடைய ஸ்பேனர் எல்லாம் போட்டிருக்கிற அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், லிஃப்டுக்குள் 'ஆறு பேர்' என்று எழுதியிருக்கிறதே, எந்த ஆறு பேரை நிறுத்துப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். பழைய பழக்கம். அவருக்கு ஒரு போன் வந்தது, போய்விட்டார். இரண்டாவது தடவை வந்தபோது நான் வீட்டிலிருந்து எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து, கருவிப் பையோடு ஒரு தடவையும் பை இல்லாமல் ஒரு தடவையும் அதில் ஏறி நிற்கச் சொன்னேன். அப்போதும் அவருக்குப் போன் வந்தது. இப்படி ஓயாமல் போன் வருகிற ஆளை வேலைக்கு வைக்கலாமா என்று நிரந்தரத்திடம் கேட்டேன். "பாக்கலாம் சார்" என்றார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஆளை மாற்றிப் பயனில்லை, முறையை மாற்ற வேண்டும். புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். முன்னுரையிலேயே போட்டிருக்கிறது, பிற்காலத்தில் புதிதாக நாடு அமைத்தவர்கள் எல்லாம் ரோமையும் ஏதென்ஸையும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள் என்று. நாட்டுக்கு ஆகுமென்றால் நாலு மாடிக்கு ஆகாதா? உங்கள் மாமியாரிடம் சொன்னேன்.

"அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

"யாரு?"

"ராஜா இல்லாம ஆண்டாங்கன்னு சொன்னீங்களே, அவங்க."

"அதெல்லாம் விழுந்து ரொம்ப காலம் ஆச்சு."

"விழுந்த வீட்டோட பிளானை வெச்சுக்கிட்டா வீடு கட்டப் போறீங்க?"

"விழுந்த வீட்டைப் பாத்தாத்தானே எந்தத் தூண் வலுவில்லைன்னு தெரியும்? பின்னால வந்தவங்க அதைத்தான் செஞ்சாங்க."

"அவங்க கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டுச் செஞ்சிருப்பாங்க" என்றாள்.

நான் பாதிப் புத்தகத்தில் அடையாளத்துக்கு ஒரு அட்டை சொருகி வைத்திருந்தது உண்மைதான். மீதியைப் படிக்க நேரம் இல்லை, அமல்படுத்த வேண்டியிருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் எல்லா வீட்டுக்காரர்களையும் கூட்டினேன். பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது. பிற்காலத்தில் ஒரு நாட்டில் ராஜாவின் தலையை வெட்டினவர்கள் ரோமைக் காட்டித்தான் வெட்டினார்கள், அப்புறம் அவர்களுக்குள்ளிருந்தே ஒருவர் தலையில் இலைக் கிரீடம் வைத்துக்கொண்டு சக்கரவர்த்தி ஆனார், அவரும் ரோமைத்தான் காட்டினார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "அப்ப யாரு கூப்பிட்டாலும் ரோம் சாட்சிக்கு வரும்போல இருக்கே" என்றார் இரண்டாவது மாடித் தையற்காரர். நல்ல கேள்வி, அதை அப்புறம் சொல்கிறேன் என்றேன். எல்லாருக்கும் பசி நேரம். ஆதரிப்பவர்கள் கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றதும் ஏகமனதாக நிறைவேறியது. நிரந்தரம் மட்டும் "பாக்கலாம் சார்" என்றார். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

முதல் சீர்திருத்தம், ரோமில் இருந்தது போல இரட்டைத் தலைவர்கள். மேல்மாடிகளுக்கு நான், கீழ்வீடுகளுக்கு நிரந்தரம். ஒருவர் சொல்வதை இன்னொருவர் 'தடை' என்ற ஒரே வார்த்தையில் நிறுத்திவிடலாம். இதில் என்ன அழகு என்றால், எவனும் கொடுங்கோலன் ஆக முடியாது. ஒரு சின்னக் குறை, எவனும் மோட்டார் போட முடியாது. நான் காலையில் வாட்ச்மேனைக் கூப்பிட்டு மோட்டாரைப் போடு என்றால், நிரந்தரம் ஜன்னல் வழியே தலையை நீட்டி "தடை" என்பார். அவர் போடச் சொன்னால் நான் விட்டுக்கொடுக்க முடியுமா, கொள்கை என்ன ஆவது, நானும் "தடை" என்பேன். டேங்க் காலி. உடம்பெல்லாம் சோப்போடு மூன்றாவது மாடிக்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு படியில் வந்து நின்று கேட்ட கேள்விகளைக் கடிதத்தில் எழுத இயலாது. அப்புறம் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஒன்றாகப் போடச் சொன்னோம். டேங்க் நிரம்பி வழிந்தது, நான் நிறுத்து என்றேன், அவர் "தடை" என்றார். மொட்டை மாடியிலிருந்து படிக்கட்டு வழியாக வெள்ளம் இறங்கியது. தையற்காரர் வெட்டி வைத்திருந்த சட்டைத் துணி எல்லாம் வாசல் வரை மிதந்து வந்தது, கை ஒரு பக்கம், காலர் ஒரு பக்கம். நானே நின்று அத்தனையும் பிழிந்து கொடுத்தேன்.

ரோம் சரிப்படவில்லை என்றால் ஏதென்ஸ் இருக்கிறது. அங்கே பதவிக்குப் போட்டி போடவிடாமல் குலுக்கிப் போட்டு ஆள் எடுப்பார்கள். வீட்டு எண்களைச் சீட்டில் எழுதி, உங்கள் மாமியாரின் குக்கரில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். மூன்றாவது மாடியில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு விழுந்தது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. செல்லாது, மறுபடி குலுக்குங்கள் என்றார்கள். விழுந்தது விழுந்ததுதான் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். ஒரு மாதம் எங்களைப் பூட்டு ஆண்டது. உள்ளதைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, அந்த மாதம் கட்டடத்தில் ஒரு சண்டை இல்லை. குறை இருப்பவர்கள் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மனசு லேசாகித் திரும்பிப் போனார்கள். "ஆளு இருந்தப்பகூட இவ்வளவு பொறுமையா யாரும் கேட்டதில்ல சார்" என்றார் தையற்காரர். எல்லாம் நன்றாக இருந்தது, லிஃப்ட் மட்டும் ஓடவில்லை.

உங்கள் மாமியார் அந்த மாதத்தில் பால்கனிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "பாத்து என்ன ஆகப் போகுது" என்றாள். இனி பொறுப்பதில்லை என்று மூன்றாவது ஆயுதத்தை எடுத்தேன்.

ரோமில் சாதாரண ஜனங்கள் பெரிய குடும்பங்களோடு பேசிப் பேசிப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் எல்லாரும் ஊரைவிட்டு வெளியேறி ஒரு குன்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வேலை செய்ய ஆளில்லை, சண்டைக்குப் போக ஆளில்லை, பெரிய மனிதர்கள் இறங்கி வந்தார்கள். எங்களுக்குக் குன்று ஏது? மொட்டை மாடி இருக்கிறதே! மேல்மாடிக்காரர்கள் அத்தனை பேரும் பாயும் தலையணையுமாக ஏறிவிட்டோம். இதில்தான் பெரிய அதிசயம். ஒரு மாடி ஏறுவதுதானே என்று உங்கள் மாமியாரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்துவிட்டாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு வெளிக்காற்றும் நாலு மனிதர்களும். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கே உட்காரலாம் என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கீழ்வீடுகளுக்குப் போகிற தண்ணீர்க் குழாயின் வால்வு இருக்கிற திட்டின்மேல் போய் ஜம்மென்று உட்கார்ந்தாள். உட்கார்வதற்கு முன்னால் அதைத் திருகி மூடினாளா, தானாக மூடிக்கொண்டதா என்பது விசாரணையில் இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் நிரந்தரம் ஏறி வந்துவிட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அத்தனை படி ஏறினார் என்று நினைக்கிறேன், பேச்சு வரவே கொஞ்ச நேரமாயிற்று. ரோமில் அந்தக் குன்றின்மேல் போனவர்களுக்குக் கிடைத்தது போலவே எங்களுக்கும் ஒரு மக்கள் காப்பாளர் பதவி கிடைத்தது. காப்பாளர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது, காப்பாளர் 'தடை' சொன்னால் அதற்குமேல் யாரும் பேசக் கூடாது என்று நானே விதியை எழுதினேன். உங்கள் மாமியாரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். கீழே இறக்குவதற்கு நாற்காலியில் தூக்குகிறோம் என்றபோது, மூட்டையைத் தூக்குவது வேறு, பதவியில் இருப்பவரைத் தூக்குவது வேறு என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் ஒரு மாடிக்கு மட்டும் சம்மதித்தாள். வழியில் நாற்காலிக் கால் இடித்து, நிரந்தரம் வெயிலுக்காக ஆள் விட்டு மேலே ஏற்றி வைத்திருந்த இரண்டு பூந்தொட்டி சுக்குநூறாகிவிட்டது.

அதற்குப் பிறகு நிரந்தரம் நாள் தவறாமல் நாலு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, காப்பாளரோடு பேச்சுவார்த்தை நடத்தினார். தையற்காரரும் வந்து போனார். நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ராஜாங்க ரகசியம், நான் கேட்கவில்லை. ஆனால் நாள் போகிறதே தவிர மெக்கானிக் வருகிற வழியைக் காணோம். இழுத்தடிக்கிறார் என்று எனக்குப் பட்டது. உடைந்த தொட்டிச் சில்லுகள் மாடிப்படியோரம் குவிந்து கிடந்ததைப் பார்த்ததும் பளிச்சென்று புரிந்தது. ஏதென்ஸில் எவனாவது அளவுக்கு மீறித் தலை தூக்கினால், ஜனங்கள் ஓட்டாஞ்சில்லில் ஆளுக்கு ஒரு பெயர் எழுதிப் போடுவார்கள். அதிகச் சில்லு விழுந்தவன் பத்து வருஷம் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். தண்டனை இல்லை, அவமானம் இல்லை, சொத்துக்கும் சேதமில்லை. ஊருக்கு ஒரு ஓய்வு, அவ்வளவுதான். நம் பொறுமைக்குத் தக்கபடி பத்து வருஷத்தைப் பத்து வாரமாகக் குறைத்தேன். நிரந்தரத்தை அவர் தொட்டிச் சில்லைக்கொண்டே அனுப்பிவிட்டு, அந்தப் பத்து வாரத்துக்குள் லிஃப்டை ஓட்டிக் காட்டுவதென்று தீர்மானம். எதிர்ப்பார் என்று நினைத்தேன். "தாராளமா வெக்கலாம் சார்" என்றார் நிரந்தரம். 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் வாக்கெடுப்பு. எழுதுவதற்குத் தையற்காரர் துணியில் குறி போடுகிற சாக்குக் கட்டிகளைக் கொடுத்திருந்தார். அவர்தான் மாடிக்குப் போய் உங்கள் மாமியாரின் சில்லையும் வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், கண்ணாடியை மெஷின் மேலயே வெச்சுட்டு வந்துட்டேன். என் சில்லுல ஒரு பேரு எழுதித் தர்றீங்களா?"

"தாராளமா. யாரு பேரு?"

"தராசுன்னு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சில்லைப் பார்த்தார்.

"நான்தான் தராசு" என்றேன்.

"தெரியும் சார். உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்."

"நான் உங்களுக்கு ஏதாச்சும் கெடுதல் பண்ணியிருக்கேனா?"

"சேச்சே! ஒண்ணுமே பண்ணலியே. வெள்ளத்துல துணியெல்லாம் பிழிஞ்சு குடுத்தீங்க."

"பின்ன ஏன்?"

"நீங்க சொல்றது எல்லாமே சரியா இருக்கு சார். காலைலயும் சரியா இருக்கு, சாயங்காலமும் சரியா இருக்கு. மனுஷனுக்கு நடுவுல கொஞ்சம் மூச்சு விட வேண்டாமா?"

மாப்பிள்ளை, புத்தகத்தில் இதே போல ஒரு சம்பவம் வருகிறது. ஏதென்ஸில் நேர்மைக்குப் பேர்போன ஒருவரிடம், அவர் இன்னார் என்று தெரியாத ஒரு குடியானவன் சில்லை நீட்டி, அவர் பெயரையே எழுதித் தரச் சொன்னானாம். அவரும் வாய் திறக்காமல் எழுதிக் கொடுத்தாராம். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அந்தக் குடியானவனுக்கு ஆள் தெரியாது, நம் ஆளுக்கு நன்றாகவே தெரியும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் கட்டடம் ஏதென்ஸைத் தாண்டிவிட்டது. நானும் எழுதிக் கொடுத்தேன். "வீட்டு நம்பரும் போடணுமா?" என்று கேட்டேன். "போட்டுடுங்க சார், நாளைக்கு ஒரு சந்தேகம் வரக் கூடாது பாருங்க" என்றார்.

எண்ணிப் பார்த்ததில் நிரந்தரத்துக்கு ஒரே ஒரு சில்லுதான். அது நான் போட்டது. மீதி அத்தனையும் எனக்கு. அப்படியானால் உங்கள் மாமியாருடைய சில்லு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். சாக்குக் கட்டி சரியாகப் படிந்திருக்காது. இரகசிய வாக்கு, நான் அதைத் துருவவில்லை.

முடிவைக் கேட்டதும் எல்லாருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. நிரந்தரமே வந்து, "சும்மா ரெண்டு நாள் போய்ட்டு வாங்க சார், போதும்" என்றார். முடியாது என்றேன். பத்து வாரம் என்றால் பத்து வாரம். நான் போட்ட சட்டம் என்னைக் கடிக்கிறது என்பதற்காக அதன் பல்லைப் பிடுங்குவேனா? வேலையில் இருந்த காலத்தில் என் சொந்த மச்சான் கடைத் தராசையே சீல் வைத்தவன் நான். உங்கள் மாமியாரையும் கூட அழைத்து வரலாம் என்றால், காப்பாளர் பதவியில் இருப்பவர் ஒரு இரவுகூட வெளியே தங்கக் கூடாது என்று ரோமில் ஒரு விதி உண்டு, அதையும் நான் எழுதித் தொலைத்திருக்கிறேன். அவளே எடுத்துக் காட்டினாள்.

எனக்கு வெளியேறுவதில் வருத்தம் இல்லை. வருத்தம் ஒன்றே ஒன்றுதான், அவள் இன்னும் மேலேயே இருக்கிறாள். ஆனால் நான் ஓய்ந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் உட்கார்ந்து மீதிப் பாதிப் புத்தகத்தையும் படித்து முடித்து, பத்து வாரம் கழித்து வந்து மறுபடி ஆரம்பிப்பேன். அந்த லிஃப்ட் ஓடி, அவள் தன் காலால் நடந்து போய் அந்தப் பெஞ்சில் உட்கார்கிற வரைக்கும் விடப் போவதில்லை. இது சத்தியம்.

எனக்கு என்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். சின்ன அறை போதும், ஒரு மேசை, ஒரு விளக்கு. உங்கள் வீட்டு அரசியலில் தலையிட மாட்டேன். டி.வி. ரிமோட் யாரிடம் இருப்பது என்பதை மட்டும் குலுக்கிப் போட்டு முடிவு செய்துகொள்வது எல்லாருக்கும் நல்லது.

நீங்களும் என் மகளும் சகல சௌபாக்கியங்களோடும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் 'தடை' சொல்லாமலும் நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மற்றவை நேரில்.

இப்படிக்கு,
உங்கள் மேல் என்றும் மாறாத அன்புள்ள மாமனார்,
முன்னாள் இரட்டைத் தலைவர்களில் ஒருவர், இந்நாள் நாடு கடத்தப்பட்டவர்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுகிறேன். கவரை ஒட்டி வை என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போயிருக்கிறார். மேலே எழுதியிருப்பது எல்லாம் உண்மைதான், ஆனால் ஒன்றுகூட அவர் நினைக்கிற மாதிரி நடக்கவில்லை. மெக்கானிக்குக்குப் போனும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. "அந்தத் தராசு ஐயா ஊர்ல இல்லாத நாளாச் சொல்லுங்கம்மா, ரெண்டே நாள்ல ஓட்டித் தர்றேன்" என்று அவர் எப்போதோ சொல்லி அனுப்பிவிட்டார். அதைச் சொல்லத்தான் செயலாளர் பாவம் தினமும் நாலு மாடி ஏறி வந்தார். உங்கள் மாமாவை இரண்டு நாள் வெளியே போங்கள் என்றால் போவாரா? சட்டம் சொன்னால்தான் போவார். அதனால் அவர் சில்லு வாக்கெடுப்பு என்று ஆரம்பித்ததும், அந்தச் சட்டத்தையே சொல்லவைத்தேன்.

அந்தப் புத்தகத்தை நானும் படித்தேன். நாலாவது மாடியில் அடைந்து கிடப்பவளுக்கு வேறென்ன வேலை? அவர் அட்டை சொருகிய இடத்துக்குப் பின்னால்தான் சரக்கே இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் ரோம் ஏன் விழுந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கண்டுபிடித்தது இதுதான்: நல்லவனாகத் தேடிக்கொண்டிருக்காதே, ஒருத்தன் ஆசைக்கு எதிரே இன்னொருத்தன் ஆசையைக் கொண்டுபோய் நிறுத்து, காரியம் தானாக நடக்கும். செயலாளருக்கு இவர் போக வேண்டும் என்று ஆசை. எனக்குக் கீழே போக வேண்டும் என்று ஆசை. இரண்டையும் சேர்த்து உங்கள் மாமாவின் சட்ட ஆசைக்கு எதிரே நிறுத்தினேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னது தையற்காரர். என் சில்லிலும் உங்கள் மாமா பெயரைத்தான் எழுதினேன். சாக்குக் கட்டி நன்றாகத்தான் படிந்தது.

பத்து வாரம் யாருக்கு வேண்டும்? அவர் இல்லாமல் எனக்கு இரண்டு நாளே அதிகம். செவ்வாய்க்கிழமை காப்பாளர் என்ற முறையில் 'தடை' சொல்லிவிடுவேன். அதற்குமேல் யாரும் பேச முடியாது, அவரே எழுதிய விதி. புதன்கிழமை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். மேசை, விளக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். சமையலறைத் தராசை மட்டும் எங்காவது ஒளித்து வைத்துவிடுங்கள். அவரிடம் மூச்சு விடாதீர்கள். எப்போதும் சரியாகவே சொன்னதால் ஊரே சேர்ந்து தன்னை அனுப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வரட்டும். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

வண்டி எத்தனை மணிக்கு இங்கே வந்து சேரும் என்று மட்டும் முன்னாலேயே சொல்லுங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.